குதிரை ஏற முடியாத ராஜா!

ஒரு ராஜாவின் பதவி எதனால் பறிபோகும்? போரில் தோற்கலாம், தம்பி துரோகம் செய்யலாம்... தொப்பையால் போகுமா? போனது!

இன்றைய ஸ்பெயினின் வடக்கே இருந்த நாடு லியோன். அதன் மன்னர் முதலாம் சாஞ்சோவுக்குச் சரித்திரம் தந்த பட்டப்பெயரே 'குண்டர் சாஞ்சோ'தான். குதிரை மேல் ஏறி உட்காரவே முடியாத உடம்பு. 'இவரை வெச்சுக்கிட்டு எப்படிச் சண்டைக்குப் போறது?' என்று முணுமுணுத்த பிரபுக்கள், 958-ல் அவரை விரட்டிவிட்டு, பெரியப்பா மகன் ஓர்டோனோவை அரியணையில் ஏற்றினார்கள்.

பேரனுக்காகக் களத்தில் இறங்கினார் பாட்டி, நவார் நாட்டு அரசி தோடா. அவர் உதவி கேட்டது யாரிடம் தெரியுமா? பல காலம் போரிட்ட எதிரியான கார்டோபா கலீபா மூன்றாம் அப்துர் ரஹ்மானிடம்! கலீபாவின் யூத மருத்துவர் ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத், 'வைத்தியம் வேண்டுமா? கார்டோபாவுக்கு வாங்க' என்றார். பாட்டியும் பேரனும் போனார்கள். வாயைத் தைத்து, வெறும் கஷாயம் புகட்டினார் என்பதெல்லாம் பிற்காலக் கதை. ஆனால், சாஞ்சோ இளைத்தது நிஜம்! கலீபாவின் படையோடு திரும்பி, 960-ல் லியோனைப் பிடித்தார். தெரசாவை மணந்தார். 961-ல் மகன் ராமிரோ பிறந்தான்.

இளைத்ததால்தான் பிள்ளை பிறந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. குண்டாக இருக்கும் எல்லா ஆண்களுக்கும் குழந்தை பிறக்காமல் போவதும் இல்லை. ஆனால், கொழுப்பு உடம்பில் சும்மா கிடப்பதில்லை. அதிலுள்ள அரோமடேஸ் என்கிற என்ஸைம், ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றுகிறது. அதைப் பார்த்து மூளை, விரைகளுக்கு அனுப்பும் உத்தரவைக் குறைத்துவிடுகிறது. உயிரணு உற்பத்தி படுத்துவிடுகிறது!

2022-ல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்றில், பருமனான 56 ஆண்கள் 8 வாரம் கடும் டயட் இருந்து, சராசரியாக 16.5 கிலோ குறைத்தார்கள். உயிரணு எண்ணிக்கை சுமார் 40 சதவிகிதம் கூடியது. குறைத்த எடையை ஒரு வருடம் காப்பாற்றியவர்களுக்கு அந்தப் பலன் நிலைத்தது. மறுபடி குண்டானவர்களுக்குப் பலனும் போச்சு!

966-ல் சாஞ்சோ விஷத்துக்குப் பலியானபோது, 5 வயது ராமிரோதான் மன்னனானான். வாரிசு இல்லையென்றால் ராணியைத் தள்ளிவைத்துவிட்டு வேறொருத்தியை மணந்த ராஜாக்கள் எத்தனையோ பேர். ஒருத்தராவது முதலில் தன் இடுப்பைக் குனிந்து பார்த்திருப்பாரா? ராஜாக்கள் போய்விட்டார்கள். ஆனால், 'மருமகளை டாக்டர்கிட்ட காட்டுங்க' என்கிற குரல் மட்டும் இன்னும் ஓயவில்லை. மகனையும் கூட்டிக்கிட்டுப் போங்க!