காத்திருக்கும் நாள்களும் கற்ற மொழியும்: திருவருகைக் காலச் சிந்தனைகளின் வரலாறு

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன்வரும் நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய காலத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை திருவருகைக் காலம் என வழங்குகிறது. அக்காலத்தில் நாள்தோறும் ஒரு மறைநூல் பகுதியை வாசித்து, அதனை ஒட்டிச் சிறு சிந்தனை ஒன்றை எழுதுவதும் எடுத்துரைப்பதும் இன்று பரவலான வழக்கம். இவ்வழக்கம் முழுவதும் தொன்மையானது என்றே நாம் எண்ணிவிடுகிறோம். காலம் தொன்மையானதுதான்; நாளுக்குரிய வாசகம் என்னும் முழுமையான ஏற்பாடோ அரை நூற்றாண்டைச் சற்றே கடந்தது. அந்த மாற்றத்தில் தாய்மொழி பெற்ற இடத்தையே இவ்வுரையில் காண முற்படுகிறோம்.

ஸ்பெயின் நாட்டுச் சரகோசாவில் 380ஆம் ஆண்டு கூடிய சங்கம், டிசம்பர் 17 முதல் ஜனவரி 6 வரை எவரும் ஆலயத்துக்கு வாராதிருத்தல் கூடாது என விதித்தது. ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சின் தூர் நகர ஆயர் பெர்பெத்துவுஸ், நவம்பர் 11 தொடங்கிக் கிறிஸ்து பிறப்பு வரை வாரத்தில் மூன்று நாள் நோன்பை ஏற்படுத்தினார். ஆக, முதலில் வலியுறுத்தப்பட்டவை வழிபாடும் நோன்புமே. 1570இல் வெளிவந்த உரோமைத் திருப்பலி நூலிலும் இக்காலத்து வார நாள்களுள் மிகச் சிலவற்றுக்கே தனி வாசகங்கள் இருந்தன. அவையும் இலத்தீனில் அமைந்தவை. மக்கள் தம் மொழியில் மறையுரை கேட்டனர். ஆயினும் வழிபாட்டின் மொழி அவர்களுடையதாக இல்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு இந்நிலையை மாற்றியது. வழிபாட்டில் மக்கள் மொழிக்கு இடமளித்ததோடு, மறைநூல் செல்வத்தை மேலும் தாராளமாகத் திறந்துவைக்கவும் அது பணித்தது. திருவருகைக் காலத்து வார நாள்கள் சிலவற்றில் மறைநூல் வழிபாடு நடத்துமாறும் ஊக்குவித்தது. 1969இல் வெளிவந்த புதிய வாசக அமைப்பு, இக்காலத்தின் ஒவ்வொரு நாளுக்கும் உரிய வாசகங்களை வகுத்தது. அன்றாடச் சிந்தனை இன்று கொண்டுள்ள வடிவத்துக்கு அதுவே அடித்தளம்.

அந்த அமைப்பைக் கூர்ந்து நோக்கினால் ஒரு கதைப்போக்குப் புலப்படும். தொடக்க நாள்களில் இறைவாக்கினர் எசாயாவின் நூல் வாசிக்கப்படுகிறது. இரண்டாம் வாரத்து வியாழன் முதல் நற்செய்திப் பகுதிகள் திருமுழுக்கு யோவானை நோக்கித் திரும்புகின்றன. டிசம்பர் 17இல் இயேசுவின் மூதாதையர் பட்டியல். 18இல் யோசேப்பின் கனவு. 19இல் வானதூதரின் சொல்லை நம்பாத முதியவர் செக்கரியா பேச்சிழக்கும் நிகழ்ச்சி. அடுத்த மூன்று நாள்களும் மரியாவுக்கு உரியவை. 23ஆம் நாள், செக்கரியா எழுதுபலகையில் தம் மகனின் பெயரை எழுத, அவருடைய நா கட்டவிழ்கிறது. 24ஆம் நாள் காலையில் அவர் பாடிய புகழ்ப்பாடல் வாசிக்கப்படுகிறது. பேச்சற்ற நாள்களைக் கடந்து, எழுத்தின் வழியே பேச்சு மீள்கிறது. மொழி கற்பிப்போர் இவ்வரிசையை மறத்தல் அரிது.

தமிழ் இம்மாற்றத்துக்கு ஆயத்தமின்றி வந்து நிற்கவில்லை. அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சேறியது. 1586இல் அவர் வெளியிட்ட 'அடியார் வரலாறு' புனிதர்களின் வாழ்க்கையைத் தமிழ் உரைநடையில் தந்தது. டிசம்பர் 18இன் வாசகத்தில் வரும் யோசேப்பையே வீரமாமுனிவர் 'வளன்' எனப் பெயரிட்டு, 1726இல் நிறைவுற்ற தேம்பாவணியின் தலைவராக்கினார். 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது அக்காப்பியம். நான்கு நூற்றாண்டுப் பயிற்சி இருந்தமையால்தான், வழிபாட்டு மொழி தமிழானபோது சொல்லுக்குப் பஞ்சம் ஏற்படவில்லை.

எனினும் சொற்கள் மாறின. சூசையப்பர் யோசேப்பானார், அருளப்பர் யோவானானார், பூசை திருப்பலியாயிற்று. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு, கத்தோலிக்கருக்கும் பிற சபையினருக்கும் பொதுவான பெயர் வடிவங்களை நிலைபெறச் செய்தது. இதனால் விளைந்த ஒற்றுமை பெரிது. ஆயினும் பாட்டியின் செபப் புத்தகத்தில் உள்ள அருளப்பரும் தான் வாசிக்கும் யோவானும் ஒருவரே என்பதை இன்றைய மாணவர் அறியாதுபோனால், ஒரு குடும்பத்துக்குள்ளேயே மொழித் தொடர்பு அறுந்துவிடும்.

சிங்கப்பூரில் தமிழ்க் கத்தோலிக்கருக்கென எழுப்பப்பட்ட லூர்து அன்னை ஆலயம் 1888ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அன்று வாசகம் கேட்கத் தமிழர் இருந்தனர். வாசகத்தின் மொழி தமிழாக இல்லை. இன்று வாசகம் தமிழில் உண்டு. அதனை எழுத்துக் கூட்டாது, பொருள் விளங்க உரக்க வாசிக்கும் இளையர் வேண்டும். வீட்டில் பேசும் தமிழ் மட்டும் அதற்குப் போதாது. எச்சமயத்தைச் சார்ந்த வகுப்பிலும், பழைய பெயர்களையும் புதிய பெயர்களையும் அருகருகே எழுதவைத்து, நாளுக்கு ஒரு சிறு பகுதியை உரக்க வாசிக்கச் செய்தல் ஆசிரியர்க்கு இயலும். பல தலைமுறையினர் காத்திருந்து பெற்ற மொழியுரிமை, வாசிப்பார் இன்மையால் வாளாவிருத்தல் ஆகாது என்பதே நாம் முன்வைக்க விழையும் கருத்து.