செங்கல்லான பெட்டிகள்

சிவகிரியில் நாம் குடியிருக்கும் வீட்டில், தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒட்டடையும் ஒயர்களுமாகக் கிடந்த மோடத்தைப் பல ஆண்டுகள் திரும்பிப் பார்த்ததேயில்லை. அதுவும் ஒரு குட்டிக் கணினி; பெரும்பாலும் சுருக்கப்பட்ட லினக்ஸ் அதனுள் ஓடுகிறது; அதற்கெனத் தனிக் கடவுச்சொல் உண்டு. இவற்றை நமக்குத் தெரிவித்தது 2017 ஜூலை இறுதியில் வந்த ஒரு செய்தி.

கர்நாடகத்தில் பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்களின் மோடங்கள் கூட்டங்கூட்டமாகச் செயலிழந்தன. ஏறத்தாழ 60,000 என்று நாளிதழ்கள் எழுதின. பெயரும் 'அட்மின்', கடவுச்சொல்லும் 'அட்மின்' என்று ஆலையில் இட்டபடியே விட்டிருந்த பெட்டிகள் அவை. ஊடுருவியது பிரிக்கர்பாட். அவ்வாண்டு ஏப்ரலில்தான் ராட்வேர் நிறுவனம் இதனைப் பற்றி எச்சரித்திருந்தது. இந்நிரல் எதையும் திருடுவதில்லை. நினைவகத்தின்மேல் பொருளற்ற எழுத்துகளை எழுதிக் கருவியைச் செங்கல்லாக்கிவிடும். பெயர்க்காரணம் அதுவே.

இதனைச் செய்ததாக உரிமை கோரியவர் தம்மை 'ஜானிட்டர்', அதாவது துப்புரவாளர், என்று அழைத்துக்கொண்டார். அவர் துடைக்க முனைந்த அழுக்கின் பெயர் மிராய். 2016இல் பரவிய அந்நிரலிடம் இருந்த ஆயுதம் அறுபது சொச்சம் இயல்புநிலைக் கடவுச்சொற்களின் பட்டியல் மட்டுமே. அதைக்கொண்டு கேமராக்களையும் ரூட்டர்களையும் அடிமைப்படுத்தி, அக்டோபர் 21 அன்று டைன் நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பலருக்கு எட்டாமற்போயின. மிராயை ஆக்கிய மூன்று அமெரிக்க இளைஞர்களின் தொடக்க நோக்கமோ மைன்கிராஃப்ட் விளையாட்டு வழங்கிகளின் வணிகப் போட்டி! திருடன் புகக்கூடிய வீட்டை முன்கூட்டியே இடித்துவிடுவதுதான் துப்புரவாளரின் நியாயம். நம்மால் அதனை ஏற்க இயலவில்லை. வீடிழந்தவர்கள் திருடர்கள் அல்லரே.

கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்று வாடிக்கையாளர்களுக்கு அப்போது அறிவுரை சொல்லப்பட்டது. சரிதான். ஆனால் தொலைவிலிருந்து மோடங்களை நிர்வகிக்கும் 7547ஆம் வாயில், வெளியுலகுக்குத் திறந்துகிடந்ததையும் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். அதனை அடைக்க வேண்டியவர் வீட்டிலிருப்பவர் அல்லர். 2016 நவம்பரில் ஜெர்மனியில் டாய்ச் டெலிகாமின் சுமார் 9 லட்சம் வாடிக்கையாளர்கள் இணைப்பிழந்ததும் அதே வாயிலைக் குறிவைத்த தாக்குதலால்தான். எட்டு மாத அவகாசம் இருந்தது.

நாம் பெட்டியைத் திருப்பிப் பார்த்தோம். அடியில் ஒட்டியிருந்த சீட்டில் அதே 'அட்மின்', இருமுறை. அன்றே மாற்றினோம். பின்னாளில் புது இணைப்புக் கொடுக்க வந்த இளைஞரிடமும் மாற்றித் தரும்படி கேட்டோம். அவர் தயங்கினார்.

"மாத்திட்டா, ரிப்பேர்னு வந்தா நாங்க எப்படி சார் உள்ள போறது? ஊர் பூரா ஒரே பாஸ்வேர்டுதான்."