அன்ரி

வெள்ளைக்காரர் ஒருவர் ஆயுதக் குழுவில் சேர்ந்தார் என்றால் ஜான் வாக்கர் லிண்ட் மாதிரி ஆட்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். கலிஃபோர்னியாவில் வளர்ந்த பையன். 16 வயதில் இஸ்லாத்துக்கு மாறினான், 2001இல் ஆப்கானிஸ்தானில் தாலிபான் படையோடு பிடிபட்டான். 20 வருடத் தண்டனை. 2019இல் வெளியே வந்தான். அவனைப் பற்றிப் பேச 'தீவிரவாதமயமாதல்' என்று ஒரு சொல் தயாராக இருக்கிறது.

அடேல் பாலசிங்கத்துக்கு அந்தச் சொல்லை எங்கள் அறந்தாங்கிப் பக்கம் யாரும் போட்டு நான் கேட்டதில்லை. புலிகளின் பிள்ளைகளுக்கு அவர் 'அன்ரி'. நமக்கும் அப்படித்தான்.

அடேல் 1950இல் ஆஸ்திரேலியாவின் வாரகுல் என்ற சிற்றூரில் பிறந்தவர், நர்ஸ். லண்டனில் சமூகவியல் படிக்கும்போது அன்டன் பாலசிங்கத்தைச் சந்தித்தார், 1978இல் கல்யாணம். யாரும் மூளைச்சலவை செய்த மாதிரித் தெரியவில்லை. எதையும் ஃப்ளோசார்ட்டாகப் போட்டுப் பார்ப்பது என் தொழில் புத்தி. இங்கே போட்டால் காதல், புத்தகம், கணவரின் சிநேகிதர்கள், அப்புறம் 1983 ஜூலைக் கலவரம் என்று எல்லாம் சாதாரணப் பெட்டிகளாகவே வருகின்றன. எந்தப் பெட்டியில் ஆள் மாறினார் என்று கேட்டால் காட்ட முடியாது. 2001இல் வந்த அவருடைய 'சுதந்திர வேட்கை' நூலிலும் அப்படி ஒரு நாள் இல்லை.

ஆனால் அவர் போய்ச் சேர்ந்த இடம் தெரியும். 1985இல் திண்டுக்கல் சிறுமலையில் பெண்புலிகளின் முதல் அணி பயிற்சி எடுத்தது. சிறுமலை நமக்குப் பக்கத்து மலைதான்; வாழைப்பழத்துக்குப் பேர்போனது. 1987 அக்டோபர் 10 அன்று கோப்பாயில் இந்திய ராணுவத்தோடு நடந்த சண்டையில் மாலதி இறந்தார். களத்தில் இறந்த முதல் பெண்புலி அவர். பெண்புலிகளைப் பற்றி அடேல் 1993இல் தனிப் புத்தகமே எழுதினார். பயிற்சி முடித்த பெண்களின் கழுத்தில் அவர் சயனைடு குப்பி கட்டிவிடும் பழைய காணொளி இன்றும் இணையத்தில் சுற்றுகிறது. வரிசையில் நிற்கும் முகங்களில் சில பள்ளிக்கூட முகங்கள். அதை என்னால் ஒருமுறைக்கு மேல் பார்க்க முடியவில்லை.

அந்தப் பெண்களுக்குக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். குண்டு விழுந்த ஊர், எரிந்த வீடு எல்லாம் நிஜம். லிண்டுக்கு அப்படி எதுவும் இருந்ததில்லை. அடேலுக்கும் இருந்ததில்லை, இதைத்தான் நாம் பேசுவதே இல்லை. வெளியிலிருந்து வருகிறவர் ஓர் இயக்கத்துக்குக் கொடுப்பது துப்பாக்கி பிடிக்க இன்னொரு கையை அல்ல. 'பார், வெள்ளைக்காரியே நம்ம பக்கம்' என்கிற நிம்மதியை. அந்த நிம்மதியில் நம் கேள்விகள் பல அடங்கிப்போயின.

பள்ளியில் என்னோடு படித்தவன் ஒருவன் அழியாநிலை அகதி முகாமிலிருந்து வருவான். அவன் சித்தி பதினாறு வயதில் டியூஷனுக்குப் போனவள், அப்படியே இயக்கத்துக்குப் போய்விட்டாள். அவன் அம்மா இதைச் சொல்லும்போது அழ மாட்டார், அரிசி புடைத்துக்கொண்டே சொல்வார். "அன்ரி இருக்கிறா, பாத்துக்கொள்ளுவா எண்டு நினைச்சம் தம்பி."

1999 ஜனவரியில் கணவரின் சிறுநீரகம் பழுதாகி, அடேலும் அவரும் கடல் வழியாக வன்னியை விட்டு வெளியேறினார்கள். பிறகு லண்டன். 2006 டிசம்பரில் பாலசிங்கம் அங்கே இறந்தார். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது அடேல் இங்கிலாந்தில் இருந்தார்.

நண்பனின் சித்தி வன்னியில்தான் இருந்தாள். முகாமில் அவளுடைய ரேஷன் வயதுப் படம் ஒன்று மட்டும் இருக்கிறது, இரட்டைப் பின்னலோடு.