பாஸ்வேர்டு இருந்த அலமாரி

1962. கம்ப்யூட்டர் ஒரு அறையையே அடைச்சுக்கிட்டு நின்ற காலம். அமெரிக்காவுல எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவும் அவர் குழுவும் சி.டி.எஸ்.எஸ். என்று ஒரு சிஸ்டம் செஞ்சிருந்தாங்க. ஒரே மெஷின், ஒரே நேரத்துல பல பேர், ஆளுக்கொரு டெர்மினல். அப்படின்னா என் ஃபைல் எது, உன் ஃபைல் எதுன்னு பிரிக்கணும் இல்லையா? ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்தாங்க.

ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரம்தான் ஒதுக்கீடு. அது பத்தலை. ஒரு ஃபைலை அச்சடிக்கணும்னா அதன் பேரை பஞ்ச் கார்டுல குத்திக் கொடுத்தா போதும். கேட்கிறது யாருன்னு அங்கே சோதனை கிடையாது. வெள்ளிக்கிழமை ராத்திரி பாஸ்வேர்டு ஃபைலின் பேரைக் குத்திக் கொடுத்தார். சனிக்கிழமை காலையில மொத்தப் பட்டியலும் கையில. பல வருஷம் கழிச்சு அவரே இதை ஒத்துக்கிட்டார்.

இந்தக் கதையை எல்லாரும் சொல்வாங்க. எனக்கு அதைவிட 1966-ல நடந்ததுதான் பெரிசாப் படுது. ஒரு நிர்வாகி அன்றைய அறிவிப்பை எடிட் பண்றார். அதே நேரத்துல இன்னொருத்தர் பாஸ்வேர்டு ஃபைலை எடிட் பண்றார். ரெண்டும் ஒரே டைரக்டரி. அங்கே ஒரு நேரத்துல ஒருத்தர்தான் வேலை பார்ப்பார்னு நம்பி எழுதின எடிட்டர், தற்காலிக ஃபைலுக்கு எப்பவும் ஒரே பேரைத்தான் வைக்கும். ரெண்டு ஃபைலும் இடம் மாறிடுச்சு. லாகின் பண்ணினவங்களுக்கெல்லாம் அறிவிப்புக்குப் பதிலா எல்லாருடைய பாஸ்வேர்டும் டைப் ஆகி வந்தது! யாரும் திருடலை. எல்லாரும் பார்க்க வேண்டியதும் யாரும் பார்க்கக் கூடாததும் ஒரே அலமாரியில் இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்து எம்.ஐ.டி., ஜெனரல் எலெக்ட்ரிக், பெல் லேப்ஸ் மூணும் சேர்ந்து மல்டிக்ஸ் கட்டினாங்க. அதுல ஒவ்வொரு ஃபைலுக்கும் தனிப் பட்டியல்: யார் படிக்கலாம், யார் எழுதலாம், யார் இயக்கலாம். 1969-ல பெல் லேப்ஸ் விலகிடுச்சு. அங்கே இருந்த கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸை ஆரம்பிச்சாங்க. நீளமான பட்டியலெல்லாம் வேண்டாம்னு, 1971 மேனுவல்ல ரெண்டே வகை ஆள்: ஃபைலின் சொந்தக்காரர், மத்தவங்க. நடுவுல ‘குழு’ என்பது அப்புறம் சேர்ந்தது. வீட்டுக்காரர், சொந்தபந்தம், தெருவுல போறவங்க மாதிரி வெச்சுக்கோங்க. படிக்க 4, எழுத 2, இயக்க 1. கூட்டினா ஆளுக்கு ஒரு எண். இன்னைக்கும் சர்வர்ல அடிக்கிற 755, 644 எல்லாம் இந்தக் கணக்குதான்.

அழகான கணக்கு. ஆனா அதுக்குள்ளேயும் பழைய அலமாரி வந்து உட்கார்ந்துச்சு. யூனிக்ஸ்ல பயனர் பேர்கள் இருக்கும் ஃபைலை எல்லாரும் படிக்க முடியணும். எந்த ஃபைல் யாருடையதுன்னு காட்டவே அது வேணும். அதே ஃபைல்ல, அதே வரியில, பாஸ்வேர்டும் உருமாற்றின வடிவத்துல இருந்தது. திருப்பி எடுக்க முடியாதுங்கிற நம்பிக்கை. அனுமதி ஃபைலுக்குத்தான், வரிக்குள்ள பாதிக்குக் கிடையாது. 1980-களின் கடைசியில்தான் பாஸ்வேர்டை மட்டும் பிரிச்சு, நிர்வாகி மட்டும் படிக்கும் தனி ஃபைலுக்கு மாத்தத் தொடங்கினாங்க.

ஆனா பழைய பிரதிகள் எங்கே போகும்? 1980 வாக்கில் வந்த ஒரு யூனிக்ஸ் தொகுப்புக்குள்ளேயே அப்படி ஒரு ஃபைல் கிடந்தது. ஆர்வலர்கள் ஒவ்வொண்ணா உடைச்சாங்க. ரிச்சியோடது ‘டிமேக்’. தாம்சனோடது மட்டும் வருஷக்கணக்கா அசையலை. 2019-ல ஒருத்தர் கிராஃபிக்ஸ் கார்டை நாலு நாளுக்கு மேல ஓடவிட்டு அதையும் கண்டுபிடிச்சார்: ‘பி/க்யூ2-க்யூ4!’. ராணிக்கு முன்னால நிற்கிற சிப்பாயை ரெண்டு கட்டம் நகர்த்துவதைப் பழைய செஸ் குறியீட்டுல எழுதினது. பெல் என்ற செஸ் கம்ப்யூட்டரை உருவாக்கினவர் இல்லையா, வேற எதை வைப்பார்?

தாம்சனே ஒரு வரி பதில் போட்டார். வாழ்த்துகள்.