பெரிய கோயில் சுவரில் பன்னிரண்டரை சதவீதம்

ஞாயிற்றுக்கிழமை கோழி விலை கேட்டு நாம் மலைக்கிறோம். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய தஞ்சை விலைவாசி பெரிய கோயில் சுவரிலேயே இருக்கிறது. ராஜராஜன் காலக் கல்வெட்டுகளில் ஒரு காசுக்கு மூன்று ஆடு; நெல்லானால் இரண்டு கலம். அதாவது ஓர் ஆட்டுக்கு எட்டு மரக்கால் நெல். இன்று எட்டு மரக்கால் நெல்லை விற்றால் கோழிக்குத்தான் தேறும்!

வங்கியில் இருந்தவன் கண்ணில் முதலில் படுவது வட்டிதான். கோயில் காசை ஊர்ச் சபைகள் வாங்கிக்கொண்டு, சந்திர சூரியர் உள்ளவரை வட்டி தருவதாக ஒப்புக்கொண்டன. சில ஊர்கள் காசாகத் தந்தன: காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, பன்னிரண்டரை சதவீதம். சில ஊர்கள் நெல்லாகத் தந்தன: காசுக்கு மூன்று குறுணி, 'ஆடவல்லான்' மரக்காலால் அளந்து. இரண்டு கலம் என்பது 24 குறுணி. ஆக, அதுவும் அதே அரைக்கால்தான்.

கல்லில் வெட்டிய அன்று இரண்டும் சமம். நெல் விலை ஏறிவிட்டால்? காசு வட்டியில் வாங்கும் நெல் குறையும். நெல் வட்டி வரும் இடத்தில் சுவாமிக்கு அமுது குறையாது.

நம் சங்கத்தின் கார்பஸ் நிதி முழுவதும் வைப்புத்தொகையில், அதாவது காசு வட்டியில் கிடக்கிறது. லிப்ட் மாற்றும் செலவோ ஆண்டுதோறும் ஏறுகிறது. நிதிக்கு ஒவ்வொரு வீடும் தரும் தொகையை விலைவாசிக்கேற்ப உயர்த்துவதை அடுத்த பொதுக்குழுவில் பேசலாம்.