பாண்டியர் வாங்கிய பரிகள்

நரி பரியான கதையை அறியாதார் மதுரையில் இலர். மதுரைக்கு அண்மையிலுள்ள திருவாதவூரிற் பிறந்த மாணிக்கவாசகர் பாண்டியனுக்கு அமைச்சராய் இருந்தார். குதிரை வாங்குமாறு அரசன் அளித்த பொன்னைத் திருப்பெருந்துறையில் திருப்பணிக்குச் செலவிட்டார். இறைவனே குதிரை வணிகனாய் வந்து, நரிகளைப் பரிகளாக்கி அரசனிடம் ஒப்புவித்தான். இரவில் அவை மீண்டும் நரிகளாயின என்பது புராணம். இக்கதையில் ஒரு வரலாற்று உண்மையும் பொதிந்திருப்பதாக நான் கருதுகிறேன். குதிரை, பாண்டிய நாட்டில் விளையாத பொருள். அரசன் கருவூலத்தைத் திறந்து அயலாரிடம் வாங்கிய பொருள்.

மாணவ நண்பர்களே! 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆண்ட காலத்தைப் பாருங்கள். ஹோர்முஸ், கிஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரை ஏற்றிய மரக்கலங்கள் தாமிரபரணி கடலொடு கலக்குமிடத்திலிருந்த காயல் துறையை அடைந்தன. இச்செய்தியை வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ எழுதிவைத்துள்ளார். பாரசீக வரலாற்றாசிரியர் வாசாப் இன்னும் விரிவாகக் கூறுகிறார். ஆண்டுதோறும் 10,000 குதிரைகள் தமிழகக் கரைக்கு வந்தனவாம். ஒன்றின் விலை 220 பொன் தினார். ஆக, ஆண்டுச் செலவு 22 லட்சம் தினார். இத்தொகை மிகையாகவும் இருக்கலாம். ஆயினும், நாட்டை ஆண்ட உடன்பிறந்தார் ஐவரும் தனித்தனியே 2,000-க்கு மேற்பட்ட குதிரைகளை ஆண்டுதோறும் வாங்கினர் என மார்க்கோ போலோ கூறுவது இதனோடு ஒத்திருக்கிறது.

விலையினும் வியப்புக்குரியது, வாங்கிய முறை. கிஷ் தீவின் தலைவர் ஜமாலுதீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளைத் தம் பொறுப்பில் அனுப்ப உடன்பட்டார். கடலில் குதிரை இறப்பினும் அதன் விலையை அரசன் கொடுத்தல் வேண்டும் என்பது நிபந்தனை! விற்பவனுக்கு நட்டமே இல்லாத வாணிகம் இது. அன்றியும், ஜமாலுதீனின் உடன்பிறந்தாரான தகியுதீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனுக்கு அமைச்சராய் விளங்கினார். விற்பவர் தமையன், வாங்குபவனுக்கு அறிவுரை கூறுபவர் தம்பி. ஒப்பந்தம் எவர் பக்கம் சாய்ந்ததென்று நான் சொல்லவும் வேண்டுமோ?

இத்துணைப் பொன் கொடுத்து வாங்கிய பரிகள் என்னாயின? ஆண்டு முடிவில் 100 குதிரைகள்கூட எஞ்சுவதில்லை என்கிறார் மார்க்கோ போலோ. குதிரைகளுக்குச் சோற்றொடு வேகவைத்த இறைச்சியை ஊட்டினர் என்பது அவர் கூற்று. வறுத்த தானியத்தில் நெய் கலந்து அளித்தனர், காய்ச்சிய பசும்பால் புகட்டினர், 40 நாள் முளையிற் கட்டிக் கொழுக்கவைத்தனர், பின் பயிற்சியின்றி வீரர் ஏறிச் செலுத்தினர் என்பது வாசாப் கூற்று. அன்பிற் குறைவில்லை, அறிவிலேதான் குறை! பரிமருத்துவம் அறிந்தவரையும் லாடம் கட்டுவோரையும் வணிகர் இந்நாட்டுக்கு வரவிடவில்லை என்றும் மார்க்கோ போலோ குறிக்கிறார். குதிரை பிழைத்தால் அடுத்த ஆண்டு விற்பனை குறையுமன்றோ?

பகைவரும் குதிரைப்படை வைத்திருந்த காலத்தில், பாண்டியர் வாங்காதிருக்க இயலாது. ஆகவே, வாங்கியதை நான் குறை கூறேன். வாங்கிய பொன்னில் ஒரு சிறு பகுதியைப் பரிமருத்துவம் பயிற்றுவதற்குச் செலவிட்டிருந்தால், எத்துணைச் செல்வம் நாட்டில் தங்கியிருக்கும்! 1311-இல் மாலிக் காபூர் மதுரைமீது படையெடுத்து வந்து, யானைகளையும் குதிரைகளையும் பொன்னையும் வாரிச் சென்றான் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இன்று நம் சமவெளியில் பரிக்கு ஈடாக மோட்டார் வண்டிகள் ஓடுகின்றன. வண்டி வாங்கப் புகுவோர் விலையையும் வேகத்தையும் மட்டுமன்றி, பழுது பார்ப்பவர் அருகில் உளரா, மாற்று உறுப்புகள் கிடைக்குமா என்பவற்றையும் உசாவுதல் வேண்டும். வாங்குதல் ஒரு நாள் வினை. பேணுதல் பல நாள் வினை. பேணும் கலையைப் பிறர் கையில் விட்டவன், பொருளை வாங்கியும் அதற்கு உரியவன் ஆவதில்லை.