ஆமிஷ் மக்களும் நம் சித்தி லெப்பையும்

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள்.

போன மாதம் ஒரு வாப்பா என்னைச் சந்திக்க வந்தார். மகள் ஓ/எல் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்தவள். "ஏ/எல் வாணாம் சேர். ஊட்டுலயே ஈக்கட்டும்" என்றார். காரணம் கேட்டேன். கைபேசியை எடுத்து வட்ஸ்அப்பில் வந்த ஒரு வீடியோவைக் காட்டினார். அமெரிக்காவில் குதிரை வண்டியில் போகும் ஆமிஷ் மக்களைப் பற்றிய வீடியோ அது. "பாருங்கொ சேர், அமெரிக்காவுலயே எட்டாம் வகுப்போட படிப்ப நிப்பாட்டிட்டு, குடும்பம் குலையாம, மார்க்கத்தப் பேணி வாழுறாங்க. நாங்க மட்டும் ஏன் புள்ளைகள வெளிய அனுப்பிட்டுப் பயந்து பயந்து ஈக்கணும்?"

அந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருடைய பயம் நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் அந்த வீடியோ பாதிக் கதையைத்தான் சொல்லியிருந்தது. மீதியைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஆமிஷ் மக்கள் ஐரோப்பாவின் கிறிஸ்தவப் பிரிவொன்றிலிருந்து வந்தவர்கள். சுவிட்சர்லாந்து, அல்சாஸ் பகுதிகளில் 1693 அளவில் ஜேக்கப் அம்மன் என்பவரின் தலைமையில் தனியாகப் பிரிந்தார்கள். அவருடைய பெயரிலிருந்துதான் 'ஆமிஷ்' வந்தது. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது செல்லாது, ஒருவர் வளர்ந்து, விளங்கி, தானாக ஏற்பதே மார்க்கம் என்பது இவர்களுடைய மூலக் கொள்கை. இந்தக் கொள்கைக்காக இவர்களின் முன்னோர் சிறைக்கும் கொலைக்களத்துக்கும் போனார்கள். 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். இன்று வட அமெரிக்காவில் மூன்று லட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள். வீட்டில் பேசுவது இன்னும் ஜெர்மன் வழக்கொன்றைத்தான்.

இவர்கள் நவீனமான எல்லாவற்றையும் வெறுப்பவர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. ஒவ்வொரு ஊர்ச் சபைக்கும் 'ஓர்ட்னுங்' என்ற ஒழுங்கு விதி இருக்கிறது. வருடத்தில் இரண்டு தடவை கூடி அதைப் பேசிப் பார்க்கிறார்கள். புதிதாக ஒரு பொருள் வந்தால், "இது நம்மைச் சேர்த்து வைக்குமா, பிரித்து வைக்குமா?" என்பதுதான் கேள்வி.

தொலைபேசியை எடுத்துக்கொள்ளுங்கள். அது வீட்டுக்குள் வந்தால் பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பேசும் பழக்கம் போய்விடும் என்று கண்டார்கள். அதனால் வீட்டுக்குள் வேண்டாம் என்றார்கள். ஆனால் டொக்டரைக் கூப்பிட வேண்டுமே? அதற்காகப் பாதையோரத்தில் சிறு கொட்டில் அடித்து, சில குடும்பங்கள் சேர்ந்து பாவிக்க ஒரு தொலைபேசி வைத்தார்கள். பொது மின்சார இணைப்பு வேண்டாம் என்ற பல ஊர்களில், பாலைக் குளிரூட்ட டீசல் இயந்திரம் வைத்துக்கொண்டார்கள். குளிரூட்டாத பாலைக் கம்பனிகள் எடுக்காது, பால் விற்காவிட்டால் பண்ணை மிஞ்சாது என்பதால். எல்லாவற்றையும் நிறுத்துவிட்டு எடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

இனி அந்த எட்டாம் வகுப்பு விஷயம். விஸ்கொன்சின் மாநிலத்தில் அப்போது 16 வயது வரை பாடசாலை கட்டாயமாக இருந்தது. மூன்று தகப்பன்மார் எட்டாம் வகுப்புக்குப் பிறகு பிள்ளைகளை அனுப்பவில்லை. ஆளுக்கு 5 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1972இல் பெற்றோருக்குச் சாதகமாகத் தீர்ந்தது. வீடியோ சொன்னது இதுவரைதான்.

அதே தீர்ப்பில் நீதியரசர் டக்ளஸ் ஒரு பகுதியில் மாறுபட்டார். மூன்று பிள்ளைகளில் ஒரு மகள் மட்டுமே நீதிமன்றத்தில் சாட்சி சொல்லி, தனக்கும் இதுதான் விருப்பம் என்றிருந்தாள். மற்ற இரண்டு பேரிடமும் யாரும் கேட்கவில்லை. வாழப் போவது அந்தப் பிள்ளை, அதனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்பதே அவருடைய வாதம். யோசித்துப் பாருங்கள். ஒருவர் தானாக விளங்கி ஏற்க வேண்டும் என்பதற்காக உயிரையே கொடுத்த முன்னோரின் பிள்ளைகளைப் பற்றித்தான் அந்தக் கேள்வி எழுந்தது.

இப்போது நம் கதைக்கு வருவோம்.

கண்டி இராச்சிய காலத்திலிருந்தே மலையகத்து முஸ்லிம்கள் ஒதுங்கி வாழ்ந்தவர்கள் இல்லை. தவளம் மாடுகளில் உப்பும் கருவாடும் மேலே கொண்டுவந்து, பாக்கைக் கீழே கொண்டுபோன வியாபாரிகள். ஆனால் பிரித்தானியர் காலத்தில் ஆங்கிலக் கல்வி வந்தபோது நம்மவர்கள் பின்வாங்கினார்கள். பெரும்பாலான பாடசாலைகள் மிஷனரிகளின் கையில் இருந்தன. போனால் பிள்ளை மதம் மாறிவிடும் என்று பயந்தார்கள். அந்தப் பயத்திலும் நியாயம் இருந்தது. ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது. மற்றச் சமூகத்தார் உத்தியோகத்துக்கும் சட்டத்துறைக்கும் மருத்துவத்துக்கும் போனபோது நாம் கடை வாசலிலேயே நின்றுவிட்டோம்.

இந்த இடத்தில்தான் கண்டியில் வாழ்ந்த அறிஞர் சித்தி லெப்பை வருகிறார். அவர் ஒரு சட்டத்தரணி. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் 'அசன்பே சரித்திரம்' என்ற நாவலை வெளியிட்டார். எகிப்தில் பிரித்தானியரை எதிர்த்துத் தோற்று, 1883இல் இங்கே நாடுகடத்தப்பட்டு வந்த அரபி பாஷாவின் நட்பும் அவருக்குக் கிடைத்தது. பாஷா பிற்காலத்தில் வாழ்ந்த கண்டி வீடு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறோம்?

சித்தி லெப்பை "மிஷன் பாடசாலைக்கே அனுப்புங்கள்" என்றும் சொல்லவில்லை, "படிப்பே வேண்டாம்" என்றும் சொல்லவில்லை. நமக்கென்று பாடசாலை அமைப்போம், மார்க்கமும் ஆங்கிலமும் ஒரே கூரையின் கீழ் இருக்கட்டும் என்றார். 1884இல் கொழும்பில் தொடங்கிய முதல் முயற்சி நிலைக்கவில்லை. அவர் விடவில்லை. வாப்பிச்சி மரைக்கார் போன்றவர்களும் பாஷாவும் சேர்ந்து நிற்க, 1892இல் மருதானையில் உருவானதுதான் ஸாஹிரா. கண்டியில் பெண்பிள்ளைகளுக்கும் பாடசாலை திறந்து, அதற்குத் தன் சகோதரியையே பொறுப்பாக்கினார். அந்தக் காலத்தில் அதற்கு எவ்வளவு எதிர்ப்பு வந்திருக்கும் என்று யோசியுங்கள். 1898இல் அவர் மறைந்தார். அவர் போட்ட பாதையில்தான் நானும் ஆசிரியன் ஆனேன், உங்கள் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

ஆமிஷ் மக்கள் தொலைபேசிக்குச் செய்ததைத்தான் சித்தி லெப்பை கல்விக்குச் செய்தார். பயத்தை மறுக்காமல், அந்தப் பயத்துக்குப் பொருத்தமான ஒரு வழியைக் கட்டினார்.

நாம் இன்று கைபேசிக்கு அப்படி எதையாவது செய்திருக்கிறோமா? 2018 மார்ச்சில் திகன கலவரத்தின்போது அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் சில நாட்கள் முடக்கியது ஞாபகம் இருக்கும். விஷம் எந்த வழியாகப் பரவியது என்பதை அன்று நேரில் கண்டோம். அதன் பிறகாவது ஊராகக் கூடி, எந்த வயதில் பிள்ளைக்குப் போன் கொடுப்பது, இரவு எத்தனை மணிக்கு அதை வாங்கி வைப்பது என்று பேசினோமா? பேசவில்லை. போனைக் கையில் விட்டுவிட்டுப் பாடசாலையை நிப்பாட்டப் பார்க்கிறோம். ஆமிஷ் மக்களைப் பின்பற்றுவதாகச் சொல்லிக்கொண்டு செய்யும் தலைகீழ் வேலை இது.

அந்த வாப்பாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன்: "மகளிடம் கேட்டீங்களா?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "கேக்கல்ல சேர்" என்றார்.

இரண்டு நாள் கழித்து மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டே, ஆனால் தெளிவாகச் சொன்னாள்: "எனக்குப் படிக்கணும் சேர். போன் வாணாமெண்டா வாணாம்."

விண்ணப்பப் படிவத்தில் அவர் கையெழுத்துப் போட்டார், அல்ஹம்துலில்லாஹ்.

அடுத்த தவணை தொடங்குமுன், ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு பெற்றோரும் ஆசிரியர்களும் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து இந்தப் போன் விஷயத்தைப் பேச முடியுமா? உம்மாமாருக்கும் இடம் ஒதுக்க வேண்டும். மூத்த பிள்ளைகள் சிலரையும் கூப்பிட வேண்டும், அவர்களிடமும் கேட்க வேண்டும். யார் யார் வருவீர்கள் என்று கீழே எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.